பத்துப் பச்சை

1

இந்தக் கதை என் மனத்தில் உதித்ததல்ல, மின்னஞ்சலில் வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் அறக்கட்டளை, அரசுப் பள்ளிக்கு நாற்பது ஹெட்போன் வழங்கியது. ‘ஆங்கிலத்தைக் காதால் வெல்வோம்’ என்று திட்டத்துக்குப் பெயர். ஆண்டு மலருக்கு ஒரு வெற்றிக் கதை வேண்டுமாம். கண்ணீர் இருக்கலாம், கடைசியில் துடைத்துவிட வேண்டும்.

2

முதல் தொடக்கம்: ‘சிப்காட்டின் மீது விடியலின் பொற்கதிர்கள்...’

(விட்டுவிட்டேன். அங்கே கதிருக்கு முன்னால் புகை வந்துவிடும்.)

இரண்டாவது: பதினொன்றாம் வகுப்பு கிறிஸ்டினா.

திறப்பு விழா முடிந்ததும் ஹெட்போன்கள் பீரோவுக்குள் போய்விட்டன. [அறக்கட்டளைக்கு: இந்த வரியை அடித்துவிடுவீர்கள், தெரியும்.] ஆசிரியை சுமலதா வேறு வழியின்றி வீட்டுப்பாடம் கொடுத்தார்: தினம் ஐந்து நிமிடம் ஏதாவது இங்கிலீஷ் கேட்டு, புரிந்ததைத் தமிழில் எழுதி வா.

மாதக் கடைசி, டேட்டா தீர்ந்திருந்தது. நெட் இல்லாமல் ஓடிய ஒரே இங்கிலீஷ், அப்பா தானியேலின் போனில் கம்பெனி ஏற்றிவிட்ட பாதுகாப்பு ஆடியோ. ஹெட்போன் கொடுத்த அதே கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டும் கான்ட்ராக்ட் ஆள் அவர். ஷிஃப்டுக்கு முன் அதைக் கேட்டு, அதிலுள்ள பத்துக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று பச்சையை அமுக்கினால்தான் கேட் திறக்கும்.

3

முதல் நாள் அவளுக்கு வெறும் இரைச்சல். மூன்றாம் நாள் சொற்கள். நான்காம் நாள் நோட்டை மூடினாள்.

“நைனா, ஏழாவது கேள்விக்கு இன்னா அமுக்குவ?”

“எல்லாத்துக்கும் பச்சதான். சூப்பர்வைசர் சொல்லிக்கீறாரு.”

“உன் மெஷின்ல கை போற இடத்துல மூடி கீதா?”

“அத கழட்டி ஒரு வருசம் ஆவுது. மூடி இருந்தா பீஸ் கம்மியா வரும்.”

“ஏழாவது கேள்வியே அதான். மூடி கீதுன்னு பாத்துட்டேன், இல்லாம ஓட்டி அடிபட்டா என் தப்புன்றதுக்குத்தான் தெனம் பச்சைய அமுக்கிக்கினு வர. நாளைக்கு செவப்ப அமுக்கு.”

“செவப்பு அமுக்குனா கேட்டு தொறக்காது. வெளிய இந்த வேலைக்கு நாப்பது பேரு நின்னுக்கினு கீறான்.” தானியேல் சோற்றைப் பிசைந்தார். “பரவால்ல, இங்கிலீஷ் நல்லா வருது உனுக்கு.”

சுமலதா பத்துக்குப் பத்து போட்டார்.

4

முடிவு அ: தானியேல் சிவப்பை அமுக்குகிறார். மூடி வருகிறது. (மலருக்கு ஏற்றது. நடக்காது என்பது ஒன்றுதான் குறை.)

முடிவு ஆ: பச்சையை அமுக்குகிறார். பிற்பகல் ஷிஃப்டில் அவருடைய வலது

(நிறுத்திவிட்டேன். கிறிஸ்டினா இதைப் படிப்பாள்.)

முடிவு இ, அறக்கட்டளையே எழுதி அனுப்பியது: ஆண்டு விழா மேடையில் கிறிஸ்டினா இங்கிலீஷில் நன்றி சொல்கிறாள். முன்வரிசையில் தானியேல் கைதட்டுகிறார்.

விழா அடுத்த மாதம். இடையில் இருபத்தாறு ஷிஃப்ட். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.