பிள்ளையார் கோயில் முடக்கு

லுணுகலை பஸ் நிலையத்தில் வைத்து விஜயலெட்சுமி, பஸ் டிரைவர் புவனேந்திரனை ஏசிய ஏச்சைக் கேட்க, தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள்கூடக் கோப்பையோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

அதற்கு மூன்று நாளைக்கு முன்புதான் அவள் கணவன் ரமேஸ், காலையில் வேலைக்குப் போகும்போது பிள்ளையார் கோயில் முடக்கில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து, கால் உடைந்து, பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். தோட்டத்திலிருந்து லுணுகலைக்கு இறங்குகிற பாதையில் அதுதான் மோசமான முடக்கு. இடப்பக்கம் மலை. வலப்பக்கம் முழங்காலளவு கற்சுவர், அதற்குக் கீழே தேயிலைச் சரிவு. எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல் பாதை சட்டென்று இடப்பக்கம் திரும்பும்.

"நான் என் பக்கத்துலதான் போனேன். பஸ்காரன் முடக்க வெட்டிக்கிட்டு என் பக்கம் ஏறி வந்துட்டான். தப்பிக்கிறதுக்கு வலது பக்கம் திருப்புனேன், சுவத்துல அடிபட்டுட்டேன்" என்று ரமேஸ் கட்டிலில் கிடந்தபடி சொன்னான். பஸ்கள் முடக்கை வெட்டிக்கொண்டு வருவது அந்தப் பாதையில் புதிதில்லை. எல்லோரும் நம்பினார்கள். விஜயலெட்சுமி எல்லோரையும்விட அதிகமாக நம்பினாள்.

"ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் அந்த ஆளு. நீ பஸ் ஓட்டுறியா, எமனுக்கு ஆள் புடிக்கிறியா?" என்று அவள் கேட்டாள்.

புவனேந்திரன் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். "தங்கச்சி, நான் பஸ்ஸ நிப்பாட்டிட்டேன். ஹோர்னும் அடிச்சேன். அவருதான் நேரா வந்து..."

"விழுந்து கெடக்கிற மனுசன் மேலேயே பழியப் போடு. வாய் கூசல ஒனக்கு?"

"நான்தான் தூக்கி பஸ்ஸுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்" என்று அவர் சொன்னது அவள் குரலுக்குள் அமுங்கிப் போயிற்று. அன்று காலை பஸ் வெறுமையாகத்தான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நடந்ததைப் பார்க்க கண்டக்டரைத் தவிர வேறு ஆள் இல்லை. கண்டக்டர் டிரைவருக்குச் சாதகமாகத்தான் பேசுவான் என்று கூட்டம் முடிவு செய்தது. இரண்டு நாளில் பஸ் முதலாளி புவனேந்திரனை நிறுத்திவிட்டு வேறு ஆளை வைத்தார். அந்தச் செய்தி வந்த அன்று விஜயலெட்சுமிக்கு வயிறு குளிர்ந்தது.

குளிர்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. லுணுகலையில் ஒரு புடவைக் கடையில் அவளுக்கு வேலை. முன்பெல்லாம் ரமேஸ்தான் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவான்; அவன் விழுந்த அன்று மட்டும் அவளுக்கு லீவு. இப்போது பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். காலையில் தோட்டத்துக்கு வருவது அந்த ஒரே பஸ்தான். டிரைவர் புதியவர், கண்டக்டர் பழையவன். கோயிலடியில் அவள் கையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கண்டக்டர் அவள் முகத்தை நன்றாகப் பார்ப்பான், பார்த்துவிட்டு மணியை இரண்டு முறை அடிப்பான், பஸ் நிற்காமல் போய்விடும். இப்படி நான்கு நாள். நான்கு நாளும் அவள் நான்கு மைல்கட்டை தூரம் நடந்தே போய், பிந்தி வந்ததற்காகக் கடை முதலாளியிடம் பேச்சு வாங்கினாள்.

ஐந்தாம் நாள் சாயந்தரம் லயத்து வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்: "நான் பைக் பழகப் போறேன்."

ரமேஸ் அப்போது கட்டுப்போட்ட காலோடு வீட்டுக்கு வந்திருந்தான். "பைத்தியமா ஒனக்கு" என்றான்.

"ஆமா, பைத்தியந்தான். வந்து சொல்லிக் குடுங்க."

வொலிபோல் அடிக்கிற மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் சொல்லிக் கொடுத்தான். சொல்லிக் கொடுத்தான் என்பதைவிடக் கத்தினான் என்பதுதான் சரி. கிளச்சை விட்டால் கத்தினான், விடாவிட்டாலும் கத்தினான். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் வாளி நிறைந்து வழிவதையும் மறந்து வேடிக்கை பார்த்தார்கள். விஜயலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். கிளச்சும் கியரும் ஒரு வாரத்தில் கைக்கு வந்தன. முடக்கைப் பற்றி மட்டும் அவன் கத்தாமல், அனுபவசாலி மாதிரி நிதானமாகச் சொன்னான்.

"முடக்கு வந்தா பயந்து முன்னுக்கே நிப்பாட்டிடாத. போற வேகத்துலயே உள்ள போ. போன பெறகு பிரேக்க புடிச்சு வளைச்சுக்க. பதினஞ்சு வருசமா நான் அப்படித்தான் ஓட்டுறேன்."

அனுமதிப் பத்திரம் எடுத்து, முன்னும் பின்னும் எல் பலகை கட்டி, அவள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாட்களில் முடக்கு வந்தால் ஒன்றாம் கியரில் இரண்டு காலையும் கீழே இழுத்துக்கொண்டுதான் திரும்பினாள். தோளும் கழுத்தும் கட்டை மாதிரி இறுகிப் போகும். கடையில் துணியை மடிக்கக் கை வராது.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. பின்னால் வந்த பஸ் அவளை முந்திக்கொண்டு போகையில் கண்டக்டர் வாசலில் தொங்கியபடி சொன்னான்: "அக்கா, எறங்கி தள்ளிக்கிட்டுப் போனா சீக்கிரம் போயிறலாம்." பஸ்ஸுக்குள் இரண்டு மூன்று பேர் சிரித்தது கேட்டது.

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. மூன்றாம் கியரைப் போட்டு முறுக்கினாள். பஸ் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டது, அவள் முறுக்கியதை விடவில்லை. பிள்ளையார் கோயில் முடக்குக்குள் அந்த வேகத்தோடு போனாள், ரமேஸ் சொல்லிக் கொடுத்தபடி உள்ளே போன பிறகு பிரேக்கைப் பிடித்தாள். இடப்பக்கம் சாய்ந்திருந்த வண்டி விறைத்து நிமிர்ந்தது. வளைய வேண்டிய வண்டி, ஹாண்டிலை அவள் என்ன செய்தும் கேட்காமல், பாதையைக் குறுக்கே கடந்து வலப்பக்கத்துக் கற்சுவரை நோக்கி நேராகப் போனது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தாள்.

முழங்கால் உரிந்து உள்ளங்கையில் சரளை ஏறியிருந்தது. எழுந்து உட்கார்ந்தபோது பாதையில் எந்த வாகனமும் இல்லை. கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் "என்னா, என்னா" என்று கேட்டது மட்டும் கேட்டது. வண்டியின் நீலப் பெயின்ட் சுவரில் இழுபட்டு ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, வெயிலில் மங்கிப்போன இன்னொரு நீலக் கோடு இருந்தது. அதே நீலம்.

விஜயலெட்சுமி இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் சொன்னபடி ஓட்டினேன், அவன் விழுந்த இடத்தில் விழுந்தேன் என்று நினைத்தாள். எந்த பஸ்ஸும் வரவில்லை.

உடைந்த பிரேக் பிடியை மாற்ற, லுணுகலையில் நிஸாமின் கராஜுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ரமேஸ் விழுந்தபோது வண்டியைச் சரிசெய்ததும் நிஸாம்தான்.

"முடக்குக்குள்ள பிரேக் புடிச்சிட்டீங்க போல" என்றார் அவர், பிடியைப் பார்த்த உடனேயே.

"அப்படித்தான் புடிக்கணும்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது? முடக்குக்கு முந்தியே வேகத்தக் குறைச்சிரணும், கியரையும் அங்கனயே எறக்கிரணும். உள்ள போன பெறகு பிரேக்கத் தொடக் கூடாது. சாஞ்சிருக்கிற வண்டியில முன் பிரேக்க இறுக்குனா அது நிமிந்து நேராத்தான் போவும். இன்னொண்ணு, சுவத்தப் பார்த்தா சுவத்துக்குத்தான் போவீங்க. முடக்கு முடியிற எடத்தப் பாருங்க. கைய இறுக்கிப் புடிக்காதீங்க."

"எங்க வீட்டுக்காரர் விழுந்தப்பவும் இந்தப் பிடிதான் ஒடைஞ்சிருந்துச்சா?"

நிஸாம் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார். "இதேதான்" என்றார்.

அன்று வீட்டுக்குள் நுழைந்தவளின் முழங்காலைப் பார்த்ததும் ரமேஸ் பதறினான். "எங்கன விழுந்த?"

"கோயில் முடக்குல. நீங்க சொன்ன மாதிரிதான் பிரேக் புடிச்சேன். சுவத்துக்குப் போயிருச்சு."

"பஸ் வந்துச்சா?"

"பஸ்ஸும் வரல, ஒண்ணும் வரல. ஒங்களுக்கு மட்டும் எப்படிங்க வந்துச்சு?"

அவன் காலைத் தூக்கி வைத்திருந்த பெஞ்சைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை. "பஸ் முடக்குக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு" என்றான். "வேகமா போயிட்டேன் விஜி. பதினஞ்சு வருசமா ஓட்டுறவன், முடக்குல தானா விழுந்துட்டேன்னு எப்படிச் சொல்றது? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பஸ் நிலையத்தில் புவனேந்திரன் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது ஒவ்வொன்றும் இப்போது காதில் விழுந்தது. தூக்கி ஏற்றிக்கொண்டு போன மனிதனின் வேலையை, நன்றி சொல்ல வேண்டிய வாயாலேயே அவள் பறித்திருக்கிறாள்.

"அந்த ஆள என் வாயாலேயே ஏச வச்சீங்களே" என்றாள் கடைசியில். "நான் கத்துனேன்னு நீங்க ஆஸ்பத்திரியில கேள்விப்பட்டப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லாம விட்டதும் இல்லாம, அதே தப்ப எனக்கும் சொல்லிக் குடுத்து அனுப்புனீங்க. நான் செத்திருந்தா எந்த பஸ் மேல போட்டிருப்பீங்க?"

அன்றிலிருந்து அவள் அவனுக்குச் சோற்றைப் போட்டு வைப்பாள், பேச மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக அந்த முடக்குக்குப் போனாள். கோயிலுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹோர்ன் அடித்து, முடக்கு முடிகிற இடத்தில் நிற்கும் சவுக்கு மரத்தைப் பார்த்தபடி போனாள். முதல் தடவை கண் தானாகச் சுவருக்குப் போயிற்று, வண்டியும் அந்தப் பக்கம் சரிந்தது. ஆறு ஏழு தடவை அப்படித்தான். ரமேஸை நினைத்தால் கை இறுகியது, கை இறுகினால் வண்டி திரும்ப மறுத்தது. கோபத்தை வைத்துக்கொண்டு இந்த வேலை நடக்காது என்று தெரிந்தது. கோபம் போகவுமில்லை. கையை மட்டுமாவது தளர்த்துவோம் என்று மூச்சை விட்டு, தோளைக் கீழே போட்டாள். வண்டி மலையோரமாகவே, தன் பக்கத்தை விடாமல், பிசகாமல் திரும்பியது. நம்ப முடியாமல் மறுபடியும் ஏறி, மறுபடியும் இறங்கினாள். கோயிலில் மணி அடித்து, பூசை முடிந்து, ஆட்கள் வெளியே வரும் வரை இறங்கிக்கொண்டிருந்தாள்.

ரமேஸுக்குக் கட்டு வெட்டி, தடி ஊன்றி நடக்கிற அளவுக்கு ஆனதும், ஒரு நாள் காலையில் ஹெல்மட்டை அவன் மடியில் போட்டாள்.

"ஏறுங்க. லுணுகலைக்குப் போறோம்."

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

வழியெல்லாம் அவன் அவள் இடுப்பை உடும்பு மாதிரிப் பிடித்திருந்தான். முடக்கு நெருங்கியதும், "மெதுவா, மெதுவா" என்று காதுக்குள் சொன்னான். அவள் முன்னாலேயே குறைத்துவிட்டாள். அவள் இடப்பக்கம் சாய, பயத்தில் அவன் வலப்பக்கம் சாய்ந்தான். "நான் சாயுற பக்கம் சாயுங்க, இல்லாட்டி ரெண்டு பேரும் போயிருவோம்" என்று சொல்லிக்கொண்டே அவள் வண்டியைத் திருப்பி வெளியே கொண்டு வந்தாள்.

புவனேந்திரன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மரக்கறி லொறியில் முட்டைக்கோவா மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, தப்பு எங்க பக்கந்தான். நீங்க நிப்பாட்டித்தான் இருந்தீங்க. விசாரிக்காம ஏசிட்டேன்" என்றாள்.

அவர் மூட்டையை ஏற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "இங்கன ரகசியமா சொன்னா எனக்கு என்ன கெடைக்கும்? அன்னைக்கு எங்க நின்னு சொன்னீங்க? அங்க நின்னு சொல்லுங்க. ஒங்க வாயால வேணாம், அவரு வாயால வரட்டும்."

அவர் கேட்டது நியாயம் என்று அவளுக்குப் பட்டது. பாதைக்கு அந்தப் பக்கம் காலை பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் இருந்தான், தேத்தண்ணிக் கடை வாசலில் ஆட்கள் இருந்தார்கள், பஸ் முதலாளியும் சில்லுக்குக் காற்று பார்த்துக்கொண்டு நின்றார். பைக்கில் இருந்தபடியே ரமேஸ் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையைக் கொடுக்கவில்லை. அவன் தடியை ஊன்றிக்கொண்டு தானாக இறங்கி, பாதையைக் கடந்து, முதலாளிக்கு முன்னால் போய் நின்றான்.

"முதலாளி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்று தொடங்கினான். கண்டக்டர் சத்தமாகச் சிரித்தான். கடை வாசலில் நின்ற ஒருவர், "அப்ப எதுக்குடா ஒரு மனுசன் பொழப்பக் கெடுத்த" என்று கேட்டார். ரமேஸ் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். முதலாளி அந்தப் பக்கம் நின்ற புவனேந்திரனைக் கையசைத்துக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸை எடுக்கும்படி சொன்னார். புவனேந்திரன் சரி என்றார். விஜயலெட்சுமியிடம் மட்டும், "முடக்குல ஹோர்ன் அடிச்சிக்கிட்டு வாங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மூட்டை ஏற்றப் போனார்.

திரும்பி ஏறும்போது தூறல் தொடங்கியிருந்தது. ரமேஸ் பின்னாலிருந்து, "இன்னும் கோவமா?" என்று கேட்டான்.

"ஆமா."

"எப்பத் தீரும்?"

"தெரியல. பேசாம இருங்க, பாதை ஈரமா இருக்கு."

கோயில் முடக்குக்கு முன்னாலேயே அவள் கியரை இறக்கினாள்.