பதினேழாவது தளத்து ஜலதோஷம்

ஜலதோஷம் மனிதருக்கு வரும், மாட்டுக்கு வரும். மெஷினுக்கு வருமா? வந்ததே! திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, சமையல் மேடையில் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்குள் வந்தது. அதைக் கேட்டவளின் கையிலிருந்து கரண்டி நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் தொழில் குரல் கொடுப்பது. ஆஸ்பத்திரி வரிசையில் "அடுத்த டோக்கன்" என்று கூப்பிடுவது அவள். போனில் "சற்று நேரம் காத்திருக்கவும்" என்று சொல்லி உங்கள் பொறுமையைச் சோதித்தவளும் அவள்தான். லிஃப்டில் ஒவ்வொரு தளமாகச் சொல்லிக்கொண்டே போவதும் அவளே. ஊரில் பாதிப் பேர் அவள் சொல் கேட்டு நடந்தார்கள். வீட்டில் மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

சென்ற வருஷம் ஒரு கம்பெனி புதுச் செயலி ஒன்றைக் கொண்டுவந்தது. எதை எழுதிக் கொடுத்தாலும் மனிதக் குரலில் வாசித்துக் காட்டும். அதில் நான்காவது குரலாக இருந்தது அச்சு அசல் அவள் குரல். வாக்கியத்தை முடிக்கும்போது லேசாக இழுப்பாளே, அந்த இழுப்பு உட்பட. அவளோ அந்தக் கம்பெனியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. கடிதம் போட்டுக் கேட்டதற்கு இரண்டே வரியில் பதில் வந்தது: ஒற்றுமை தற்செயலானது, மேலும், குரல் என்பது யாருக்கும் சொந்தமில்லை. யாருக்கும் சொந்தமில்லையாம்! அப்படியானால் இத்தனை வருஷமாக ஐஸ்கிரீமைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது யார், கம்பெனி முதலாளியா?

வெறும் கோபமென்றால் திட்டித் தீர்த்துக்கொண்டு போயிருப்பாள். ஆனால் புது ரயில் பாதையில் நாற்பது நிலையங்கள் திறக்க இருந்தன. அத்தனைக்கும் அறிவிப்புச் செய்ய அவளைத்தான் பேசி வைத்திருந்தார்கள். திடீரென்று ரயில் அதிகாரி போன் செய்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. ஆப்லயே இதே குரல் கிடைக்குதே, அப்புறம் எதுக்கு ஆளுன்னு மேலிடத்துல கேட்கிறாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் முடிவு பண்ணிடுவாங்க." கைக்கு வந்த வேலையை அவள் குரலே தட்டிப் பறிக்கப் பார்த்தது.

வழக்குப் போட்டாள். வக்கீல், நாத்தனார். வீட்டில் நாத்தனாருக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயரை வீணாக்காமல் சட்டம் படித்து, இணையம், செயலி என்று வரும் வழக்குகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கு முடிகிறவரை அந்த நான்காவது குரலை நிறுத்தி வைக்கும்படி இடைக்காலத் தடை கேட்டிருந்தார்கள். விசாரணையும் அதே வியாழக்கிழமை காலையில் வந்து விழுந்தது.

"குரல் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னா போதாது அண்ணி. உங்க பழைய பதிவை எடுத்துத்தான் இதைச் செஞ்சாங்கன்னு காட்டணும். கையில கிடைச்சதை எல்லாம் டைப் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருங்க. எங்கேயாவது வழுக்கும்" என்று வாயாடி சொல்லியிருந்தாள்.

செய்தித்தாள், மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் பாடப் புத்தகம் என்று எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தாயிற்று. அந்தத் திங்கட்கிழமை, வேறொன்றும் தோன்றாமல், லிஃப்டில் சொல்வதுபோல் முதல் தளத்திலிருந்து வரிசையாகச் செயலியில் எழுதிவிட்டு அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பதினாறுவரை குரல் கணீரென்று போயிற்று. அடுத்ததில் மூக்கடைத்துக்கொண்டது: "பதிடேழாவது தளப்." பதினெட்டில் பழையபடி கணீர்.

கரண்டி விழுந்தது அப்போதுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் கம்பெனிக்காக நாற்பது தளங்களையும் ஒரே நாளில் பேசிக் கொடுத்திருந்தாள். லிஃப்ட் வேலையில் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனித் துண்டாகத்தான் பதிவு செய்வார்கள். பதினேழில் மட்டும் நாற்காலி கிறீச்சிட்டுவிட்டது என்று ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவளுக்குச் சரியான ஜலதோஷம். "ஒரே ஒரு மாடிதானே மேடம், யாரு கவனிக்கப் போறாங்க?" என்று ஒலிப்பதிவுக்காரர் அப்படியே பதிந்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த லிஃப்டுகள் எந்தக் கட்டடத்தில் ஓடினாலும் பதினேழில் சளி பிடித்துப் பதினெட்டில் குணமாகிவிடும். அவற்றைப் பழுது பார்க்கும் மெக்கானிக் வேறு யாருமில்லை, அவள் கணவன்தான். "அண்ணிக்கு இன்னும் சரியாகலையா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் அவனைக் கேலி செய்வார்கள்.

"கிடைச்சாச்சு!" என்று வாயாடிக்குப் போன் போட்டுக் கத்தினாள். "திருடினவன் என் ஜலதோஷத்தையும் சேர்த்துத் திருடியிருக்கான்!"

விஷயத்தைக் கேட்டதும் வாயாடி அந்தப் பக்கம் ஒரு குதி குதித்தாள். நாற்காலி சாய்ந்த சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணி, வெளியில மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுவாங்க. இப்பவே ரெக்கார்டு பண்ணி எனக்கு அனுப்புங்க. ஆனா அதை மட்டும் காட்டினா, வெட்டி ஒட்டினதுன்னு சொல்லுவாங்க. ஜட்ஜ் முன்னாடியே அதுக்கு மூக்கு அடைக்கணும். அதுவரைக்கும் இன்னொரு தடவை டைப் பண்ணாதீங்க. யாரு என்ன கேட்கிறாங்கன்னு அவங்க பார்த்துக்கிட்டிருக்கலாம்."

மூன்று நாள்! பேசிப் பிழைக்கிறவளைப் பேசாதே என்றால் எப்படி இருக்கும்? அதைவிடப் பாவம் அவள் கணவன். விஷயம் தெரிந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "யாருகிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சிடும்" என்று வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தான். செயலிக்கு இன்னும் ஜலதோஷம் இருக்கிறதா, இல்லை அதற்குள் தெளிந்துவிட்டதா என்பது மூன்று பேருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

வியாழக்கிழமை கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. கம்பெனியின் வக்கீல் மூத்தவர், நரைத்த தலை, வெண்ணெய் தடவிய பேச்சு. அவர் பக்கத்தில் கம்பெனி அதிகாரி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜலதோஷத்தை அதிலேயே குணப்படுத்திவிடுவாரோ என்று அவள் அந்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்றோம். குரல் ஒண்ணா இருந்தா அதிசயமா? நாங்க வேறொரு கலைஞரை வெச்சு எங்க ஸ்டூடியோவிலேயே பதிவு பண்ணினோம். அவங்க பேரை வெளியிட ஒப்பந்தம் அனுமதிக்கலை" என்றார் மூத்தவர்.

வாயாடி மிகவும் பணிவாக எழுந்தாள். அவள் பணிவாக எழுந்தால் யாருக்கோ சனி பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "வெளியிலிருந்து ஒரு வினாடி ஒலிகூட எடுக்கலைன்னு கம்பெனி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு. அதுல மாற்றம் எதுவும் இல்லையே?"

"ஒரு எழுத்துகூட இல்லை."

"அப்படின்னா, நீதிபதி அம்மா, செயலியை இங்கேயே ஒரு தடவை கேட்கலாம். எங்க போன் வேண்டாம், அவங்க போனும் வேண்டாம். கோர்ட் எழுத்தர் போன்லயே பதினாறு, பதினேழு, பதினெட்டு, மூணு தளத்தையும் போட்டுக் கேட்கட்டும்."

நீதிபதி அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். "சரி, போடுங்க."

எழுத்தர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். அவருக்கு என்ன அவசரம்? இங்கே ஒருத்திக்கு உயிர் போய் உயிர் வந்தது. கணவன் பின்பெஞ்சில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான்.

"பதினாறாவது தளம்." கணீர். ஒரு நொடி ஒன்றுமில்லை. "பதிடேழாவது தளப்."

எழுத்தர் போனைக் காதருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "பதினெட்டாவது தளம்" என்று அது பழையபடி கணீரென்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். கம்பெனி அதிகாரியின் விரல்கள் லேப்டாப்பில் ஓட ஆரம்பித்தன.

"மெஷின்ல சின்னக் கோளாறு, அவ்வளவுதான்" என்றார் மூத்தவர். கணவன் லிஃப்டிலிருந்து எடுத்து வந்திருந்த பதினேழாவது தளத்துப் பதிவை வாயாடி நீட்டினாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "இதை எடுத்தது மனுதாரரோட கணவர். அந்த லிஃப்டும் அவர் கைவசம்தான் இருக்கு. மின்னணுச் சாட்சின்னா கருவிக்குப் பொறுப்பானவர் சான்று தரணும். இங்க பொறுப்பானவரே வீட்டுக்காரர்! செயலியைக் கேட்டுட்டு, நேத்துதான் லிஃப்ட்ல இந்த ஜலதோஷத்தை ஏத்தினாங்களோ என்னவோ?"

நியாயமான கேள்விதான். அதுதான் வயிற்றெரிச்சல். வாயாடி கையிலிருந்த காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டத் தொடங்கினாள். அண்ணியின் கண்ணில் நீர் முட்டியது. கையெழுத்துப் போட வேண்டியவன் புருஷன் என்பதை வீட்டில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. குடும்பமாகச் சேர்ந்து வழக்கு நடத்தினால் இப்படித்தான்.

"இந்த மாதிரி லிஃப்ட் பக்கத்துல எங்கேயாவது இருக்கா?" என்று நீதிபதி கேட்டார்.

மூன்று நாளாக அடக்கி வைத்தவன் பின்பெஞ்சில் துள்ளி எழுந்தான். "எதிர்க் கட்டடத்துலயே இருக்குங்கம்மா! இருபத்திரண்டு மாடி! நல்லா ஓடுது!"

"உட்காருங்க" என்றார் நீதிபதி. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லை, எழுந்திருங்க. எல்லாரும் எழுந்திருங்க. நேர்லயே பார்த்துடுவோம்."

ஊர்வலம் மாதிரி சாலையைக் கடந்தார்கள். முன்னால் காவலர், பின்னால் நீதிபதி, எழுத்தர், இரண்டு வக்கீல், அதிகாரி, அவள், அவன். அத்தனை பேரும் லிஃப்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றதும், "எடை அதிகமாக உள்ளது. தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்" என்றது மேலிருந்து அவள் குரல். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான் சொல்லலை!" என்றாள் பதறிப்போய். அவன்தான் பாவம், வெளியே இறங்கினான். பக்கத்து லிஃப்டைப் பழுது பார்ப்பதற்காகக் காலையில் பூட்டிவிட்டு வந்ததும் அவனே. கதவு மூடும்போது அவன் படிக்கட்டைப் பார்த்து ஓடுவது தெரிந்தது.

பதினேழில் கதவு திறந்தது. "பதிடேழாவது தளப்" என்றது லிஃப்ட். எழுத்தர் போனை உயர்த்தி அழுத்தினார். "பதிடேழாவது தளப்" என்றது போன். அதே அடைப்பு, கடைசியில் அதே சின்ன உறிஞ்சல். மூத்தவர் மட்டும் விடவில்லை. "நேத்து ஏத்தினதா இருக்கலாமேன்னுதான் நான் கேட்கிறேன்."

தளத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. சத்தம் கேட்டு அதன் வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்தாள். நீதிபதி அவளை அருகே அழைத்தார். "இந்த லிஃப்ட் எவ்வளவு நாளா இப்படிப் பேசுது?"

"சளியா? நான் சேர்ந்ததிலேருந்தே அப்படித்தான் மேடம். நாலு வருஷம் இருக்கும். சரி பண்ணிடாதீங்க, எங்களுக்கு அதுதான் அடையாளம்." உள்ளே ஓடிப்போய், மேஜை இழுப்பறையிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு சீட்டோடு வந்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி போட்ட சந்திப்புச் சீட்டு. அடியில் அச்சடித்திருந்ததை நீதிபதி உரக்கவே வாசித்தார்: "லிஃப்டுக்கு ஜலதோஷம் பிடிக்கும் இடத்தில் இறங்கவும்."

வாயாடி அண்ணியின் கையை நசுக்கினாள். செயலி பிறந்தது சென்ற வருஷம். மூத்தவர் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்து விழுந்தான். "என்ன ஆச்சு? சொல்லிடுச்சா?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். நீதிபதிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இறங்கும்போது, ஒருவர் வெளியேற வேண்டும் என்று லிஃப்ட் சொல்வதற்கு முன்பே மூத்தவர் படிக்கட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

உத்தரவு ஒரு மணிக்கு வந்தது. வழக்கு முடிகிறவரை நான்காவது குரல் ஒலிக்கக் கூடாது. மூன்று மணிக்குள் செயலியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எந்தப் பதிவிலிருந்து அதைச் செய்தார்கள் என்பதை இரண்டு வாரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு இன்னும் வருஷக்கணக்கில் ஓடும் என்று வாயாடி எச்சரித்தாள். ஓடட்டும்!

மூன்று மணிக்கு மூவரும் கோர்ட்டுக்கு எதிரிலிருந்த காப்பிக் கடையில் ஒரே போனைச் சுற்றித் தலைகளை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று அடித்து இரண்டு நிமிஷம். பட்டியலில் மூன்றாவது குரலுக்கு அடுத்தபடி ஐந்தாவது நின்றது. கணவன் மேஜையைத் தட்டிய தட்டில் காப்பி கொட்டியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நாலரைக்கு ரயில் அதிகாரியின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. வாயாடி ஸ்பீக்கரை அழுத்தினாள். "ஹலோ" என்றாள் அவள்.

அந்தப் பக்கம் அதிகாரி கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க, முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிறேன். இப்ப பேசுறது மெஷினா, நீங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். ஊரையெல்லாம் வரிசையில் நிற்க வைத்த குரல் உடைந்து, நடுங்கி, சுத்தமாக இழுப்பே இல்லாமல் வெளியே வந்தது.

"நான்தான் சார். நானேதான்."

"அப்ப திங்கட்கிழமை வந்து பேச ஆரம்பிச்சுடுங்க" என்றார் அவர்.