பார்சல் என்ற பூனை

சவப்பெட்டி வைத்திருந்த மேசைக்கு அடியில் ரதோமிர் தலையை நுழைத்துத் துழாவிக்கொண்டிருந்தபோது பாதிரியார் உள்ளே வந்தார். துக்க வீட்டில் மகனின் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்லிப் பழகியவர் அவர். அன்றைக்கு மேசைக்கு வெளியே தெரிந்த பக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"கிடைச்சுதா?" என்று அத்தை பெர்சிதா வாசலில் துடைப்பத்தோடு நின்று கேட்டாள்.

"இல்ல அத்த."

"நல்லாத் தேடு. பூனை மட்டும் பொணத்தைத் தாண்டிச்சுன்னா, உங்கப்பன் நாப்பது நாள்ல ரத்தக்காட்டேரியா எந்திரிச்சு வந்துடுவான். உயிரோட இருந்தப்பவே அவன் தொல்லை தாங்கல."

அவளுடைய தம்பி ஸ்வெதோசார், முப்பத்தெட்டு வருடம் அந்த ஊருக்குத் தபால்காரராக இருந்தவர், இந்த அவதூறைச் சவப்பெட்டிக்குள் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று மணி நேரத்தில் அடக்கம்.

பூனையின் பெயர் பார்சல். ஆறு வாரத்துக்கு முன் ரொட்டி வேனில் அடிபட்டுக் கிடந்ததை, "அனுப்பினவன் பேரும் இல்ல, வாங்குறவன் பேரும் இல்ல, எப்படி விட்டுட்டு வர்றது?" என்று கோட்டுக்குள் வைத்துத் தூக்கிவந்தவர் அவர்தான். பின்னங்காலில் மாவுக்கட்டு. துக்க வீட்டில் அது வெள்ளையாகத் தெரிவது மரியாதை இல்லை என்று நேற்று அத்தை அதன்மேல் ஒரு கறுப்புக் காலுறையை மாட்டிவிட்டிருந்தாள்.

நாளை முதல் வீடு பூட்டிக்கிடக்கும். அத்தை வீட்டில் மூன்று கேனரிக் குருவிகள். ரதோமிரின் மனைவி யாஸ்னா, காரில் வரும்போதே, "சோபா புதுசு" என்று மூன்று முறை சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அப்பா கையைப் பிடித்து, "பார்சலை நீ வச்சுக்கிறியா?" என்று கேட்டபோது ரதோமிர், "பாக்கலாம்ப்பா" என்றான். "சரி, நான் விலாசம் எழுதிட்டேன்" என்றார் அப்பா. மருந்து அப்படிப் பேசவைக்கிறது என்றாள் நர்ஸ்.

"சாமி, கால் ஒடிஞ்ச பூனை தாண்டுமா?" என்று அத்தை பாதிரியாரைக் கேட்டாள்.

"இதையெல்லாம் திருச்சபை ஒத்துக்கறதில்லம்மா" என்றார் அவர். சொல்லிவிட்டு, போய் ஜன்னலைச் சாத்தினார்.

"ரதோ" என்றாள் யாஸ்னா மெதுவாக. "மேல பாரு."

சவப்பெட்டிக்குள், அப்பாவின் பாதங்களுக்கு மேல், கார்னேஷன் பூக்களை நசுக்கிக்கொண்டு பார்சல் தூங்கிக்கொண்டிருந்தது.

அத்தை சிலுவை போட்டுக்கொண்டு, பூனை தாண்டும் சட்டத்தை மனதுக்குள் ஆராய்ந்தாள்.

"ஏறித்தான் இருக்கு. இன்னும் தாண்டல. ஏறின பக்கமாவே இறக்கிட்டா ஒண்ணுமில்ல."

"எந்தப் பக்கம் ஏறிச்சு?" என்றான் ரதோமிர்.

அழுவதற்கென்று போட்டிருந்த நாற்காலிகளில், இடப்பக்கத்து நாற்காலியில் பூனைமுடி இருந்தது. பாதிரியார் குனிந்து பார்த்து உறுதி செய்தார். ரதோமிர் இடப்பக்கமாகவே பூனையைத் தூக்கினான்.

"கீழ விடாத! குழிய மூடுற வரைக்கும் அது கால் தரையில படக்கூடாது."

"இது எப்ப வந்த சட்டம் அத்த?"

"இப்பத்தான்."

ஆக, அப்பாவின் சாவுக்கு வந்த ஊரையெல்லாம் ரதோமிர் பூனையும் கையுமாக வரவேற்றான். வந்தவர்கள் அவன் கையைக் குலுக்கிவிட்டு, மறு கையில் இருந்த பூனையை விட்டுவிட மனமின்றி அதையும் தடவிக்கொடுத்தார்கள். ரொட்டி வேன்காரன் தொப்பியைக் கழற்றி பார்சலின் முன்னங்காலைப் பிடித்து, "மன்னிச்சுக்க" என்றான். பார்சல் கொட்டாவி விட்டது.

கல்லறைக்கு நடக்கும்போது ரதோமிர் சொன்னான்: "அப்பாவ ஆறு வருஷமாக் கூப்பிட்டேன் அத்த. ஒரு தடவைகூட எங்க வீட்டுக்கு வரல."

"எங்கதான் போனான்? போன நவம்பர்ல ஒரு நாள், சுட்ட குடைமிளகாய்த் தொக்கு ஜாடியோட பஸ் ஏறினான். சாயங்காலம் அதே ஜாடியோட இறங்குறான். எங்கடா போனேன்னா, 'டெலிவரி ஆகல'ங்கிறான். ரிட்டையர் ஆனவனுக்கு என்னடா டெலிவரி? ஜாடி இன்னும் திறக்காமத்தான் இருக்கு. போறப்ப எடுத்துட்டுப் போ."

குழியில் முதல் மண் விழுந்த சத்தத்தில் பார்சல் காலை உதறியது. காலுறை கழன்றது. மாவுக்கட்டில், பார்சல்களுக்கு அப்பா பயன்படுத்தும் ஊதாப் பென்சிலால் எழுதியிருந்தது. மேலே அவருடைய விலாசம். அதன் குறுக்கே அளவுகோல் வைத்தது போல ஒரே கோடு. அதற்குக் கீழே:

*ரதோமிர், லிபா தெரு 14, நோவிசாட். மூன்றாம் மாடி, இடதுபுறக் கதவு. மணி அடிக்காது. தட்டவும்.*

மணி கெட்டுப்போனது போன அக்டோபரில். சரிசெய்ய ஆளைக் கூப்பிட வேண்டும் என்று அவனும் யாஸ்னாவும் வாரம் ஒரு முறை பேசிக்கொள்வதோடு சரி. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

யாஸ்னா எட்டிப் பார்த்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"மூடியாச்சு. இப்ப கீழ விடு" என்றாள் அத்தை.

ரதோமிர் விடவில்லை. யாஸ்னா குனிந்து காலுறையை எடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடி மாட்டிவிட்டாள்.

"அதுக்குக் குளிரும்" என்றாள்.

வெளிச்சம் இருக்கும்போதே நோவிசாட் வந்துவிட்டார்கள். மூன்றாம் மாடி ஏறியதும் யாஸ்னா ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பையிலிருந்து சாவியை எடுத்தாள். ரதோமிர் பூனையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, இடதுபுறக் கதவைத் தட்டினான்.

உள்ளே யாரும் இல்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை தட்டினான்.

யாஸ்னா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.