ஒரு தட்டில் இரண்டு வேண்டுதல்

"பேர், நட்சத்திரம்?" என்று ஐயர் கேட்டதும், மிதுனா வாயைத் திறப்பதற்குள் ஜெனுசன் முந்திக்கொண்டான். "மிதுனா, பூரட்டாதி." தன் பெயரைச் சொல்லவில்லை. முருகனின் கவனம் சிதறாமல் முழுதாக மனைவி மேலேயே விழட்டும் என்று நினைத்திருப்பான். வெள்ளிக்கிழமை மதியம், நோர்வேயில் குரோருட் பக்கத்து முருகன் கோயிலில் கூட்டம் இல்லை. அரைநாள் லீவு போட்டு அவளைக் கூட்டி வந்திருந்தான். கண்ணை இறுக்கி மூடி நிற்கும் அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாகக் காரிலும் குளியலறையிலும் அதையேதான் முணுமுணுக்கிறான். இன்றைக்கு முடிவு வரப்போகும் இரண்டாவது இரத்தச் சோதனையில் அது இருக்கக் கூடாது.

மிதுனாவும் கண்ணை மூடினாள். அது இருக்க வேண்டும் என்று கேட்டாள். ஒரே தட்டில் வந்த இந்த இரண்டையும் முருகன் எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

நவம்பரில் ஒருநாள், ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு பெரியவருக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுக்கப் போன வலது கை பாதியில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் என்று நோர்வேஜிய மொழியில் சொல்லப் பார்த்தாள். வாயிலிருந்து வந்தது எந்த மொழியிலும் சேராத ஏதோ ஒன்று. பொழுதுபடுவதற்குள் கையும் பேச்சும் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பிவிட்டன. ஆனால் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் மூளைக்குள் அரிசிமணி அளவில் ஒரு புள்ளி இருந்தது. முப்பத்திரண்டு வயதில் பக்கவாதமா என்று ஜெனுசன் டாக்டரிடம் நாலு தடவை கேட்டான். இரத்தத்தைச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் அவள் உடம்பில் ஆள் மாறிப்போய், வேண்டாத இடத்தில் இரத்தத்தை உறைய வைத்துக்கொண்டிருந்தன. சிலருக்கு ஏதாவது காய்ச்சலோடு வந்து தானாகவே போய்விடுமாம். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் இருந்தால் இரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்கக் குளிசை, ஆயுசு முழுக்க இன்னொரு பக்கவாதம் வந்துவிடுமோ என்ற பயம்.

பிறகு டாக்டர் இன்னொன்றும் கேட்டார். கரு ஏதாவது கலைந்திருக்கிறதா?

இரண்டு. முதலாவது மூன்றாம் மாதத்தில், இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். இரண்டாவதற்கு யாழ் என்று பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள். அப்போது காரணம் தெரியவில்லை என்று எல்லாரும் கையை விரித்தார்கள். மாமியார் மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து ஃபோனில் விசாரணை நடத்தினார். அன்னாசி தின்றாளா, படி ஏறினாளா, பனியில் வழுக்கினாளா? மாமியாரைக் குறை சொல்லி என்ன, நாலு வருடமாக மிதுனாவே தன்னைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாள். இரண்டும் இதனால் போயிருக்கலாம் என்றார் டாக்டர். அப்படியானால் அடுத்த முறை தினமும் வயிற்றில் ஊசி, கூடவே சின்னதாய் ஒரு ஆஸ்பிரின். ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் அப்படிப் பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜெனுசனின் காதில் ஆபத்து மட்டும் விழுந்தது. அவள் காதில் மீதி எல்லாம் விழுந்தது.

காரணமே இல்லாமல் போன பிள்ளைகளுக்கு என்ன வைத்தியம் செய்வது? காரணம் தெரிந்தால் ஊசியாவது போடலாம். ஒரு பிள்ளை தோளில் தூங்கிப்போனால் எவ்வளவு பாரமாக இருக்கும் என்று அவள் ஏங்காத நாள் இல்லை. அந்த ஏக்கத்துக்கு முன்னால் அரிசிமணிப் புள்ளி பெரிதாகப் படவில்லை.

பூசை முடிந்து, சப்பாத்து வைக்கும் இடத்துக்கு வந்தார்கள். நவம்பரிலிருந்து அவள் சப்பாத்து லேசை அவன்தான் கட்டிவிடுகிறான். கை நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் விடுவதில்லை. வாங்குப் பலகையில் அவளை இருத்தி, உருகிய பனித் தண்ணீரில் முழங்காலை ஊன்றி, இடது சப்பாத்தைக் கட்டி முடித்தபோது அவளுடைய ஃபோன் அடித்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இந்த முறையும் இருக்கிறது, அளவும் குறையவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அவள் நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள்.

கீழேயிருந்து அவள் முகத்தைப் பார்த்த ஜெனுசனின் முகம் மலர்ந்துவிட்டது. "இல்லையாமே? முருகா! நான் அப்பவே சொன்னனான் மிது."

அப்போதுதான், தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

"இருக்காம்," என்றாள்.

அவன் கை அடுத்த லேசில் அப்படியே நின்றது. "நீர் சிரிச்சனீர்."

"ஓம்."

"அண்டைக்கு என்ரை பேரைக்கூட உம்மாலை சொல்ல ஏலேல்லை. உமக்கு மறந்தாலும் எனக்கு மறக்காது. நீர் இல்லாமல் நான் என்ன செய்யிறது?"

"எனக்குப் பயமில்லை எண்டு நினைக்காதேங்கோ." என்றாள். "எண்டாலும் எனக்குப் பிள்ளை வேணும், ஜெனு."

நாலு வருடத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். வலது சப்பாத்தின் லேசை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டான். முடிச்சு நழுவியது. மறுபடியும் போட்டான். அவள் குனிந்து, வலது கையின் ஒரு விரலை முடிச்சின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். அவன் இரண்டு நுனிகளையும் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் இழுக்காமல், அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.