நண்டுக்கைத் தலைவியின் மூக்கு

1

இந்தக் கதை ஒரு மூக்கிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கட்டைவிரல் உயரமுள்ள ஒரு கடற்கொள்ளைக்காரியின் மூக்கு. இடது கை இருக்க வேண்டிய இடத்தில் நண்டுக் கொடுக்கு முளைத்த கப்பல் தலைவி அவள். இன்று மதியம் அந்த மூக்கின் வண்ணம் உரிந்து ஒருவருடைய விரலோடு வந்துவிட்டது. எள்ளளவு வண்ணம், அதற்குப் போய் ஒரு கதையா என்பீர்கள். கேளுங்கள், ஆனால் பொறுத்துக் கேளுங்கள். மாலை ஆறு மணிக்குள் நான் இதை முடித்தாக வேண்டும்.

முதல் தொடக்கம்: கடல் கொந்தளித்தது. தலைவி தன் கொடுக்கை உயர்த்தி

(வேண்டாம். இந்தக் கதையில் கடலே கிடையாது. ஒரு மேசை, ஒரு விளக்கு, தூரிகை கழுவிய ஒரு குவளைத் தண்ணீர்.)

2

இரண்டாவது தொடக்கம், உள்ளது உள்ளபடி.

மேசை விளையாட்டுக்காரர்கள் அவரைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். பலகையில் நகர்த்தி விளையாடவும் வண்ணம் தீட்டி அழகு பார்க்கவும் செய்யப்படும் குட்டிப் பொம்மைகளைச் சோதித்து, தன் வலைப்பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது அவர் வேலை. ஏழு போட்டால் கடைக்காரர்கள் வாங்கி வைப்பார்கள். மூன்று போட்டால் செய்தவர் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். முகத்தாட்சண்யம் பார்க்க மாட்டார். மாமனார் ஆசையாகக் கொடுத்த கடிகாரத்தையே "முள் கொஞ்சம் தடிமன்" என்று திருப்பிக் கொடுத்த மனிதர்.

இன்று அவர் முன்னால் ஆறு பேர். நண்டுக்கைத் தலைவி, தோளில் பீரங்கி சுமக்கும் தவளை, அகப்பையை வாள்போல ஓங்கிய எலும்புக்கூட்டுச் சமையல்காரன், சக்கரம் வைத்த பீப்பாயில் உட்கார்ந்து வரும் கடற்கன்னி, புதையல் பெட்டியை முதுகில் கட்டிய ஆமை, இரட்டைத் தலைக் கிளி. செய்தவள் அவர் மனைவியின் தங்கை. சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். பார்த்த வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக இதுவே தவமாக இருக்கிறாள். நாளைக் காலை ஒரு விளையாட்டு நிறுவனம் இந்தக் கொள்ளைக் கூட்டத்தை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. பூதக்கண்ணாடி என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான்.

அவருக்கு ஒரு விதி உண்டு. ஒரு பெட்டியைச் சோதிக்க ஒப்புக்கொண்டால், மதிப்புரை வெளியாகும்வரை செய்தவரோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். கொழுந்தியாளாக இருந்தாலும் அப்படித்தான். பெட்டிக்குள் சீட்டு வைத்தால் படிக்காமலே கிழித்துவிடுவார்.

(கதாநாயகருக்கு ஒரு மனைவி இருக்கிறாள் போலிருக்கிறது. தேநீர் கொண்டுவருவதைத் தவிர அவளுக்குக் கதையில் வேலையில்லை. வெட்டிவிடலாம்.)

3

அவர் சோதனை தூரத்திலிருந்து தொடங்கும். பொம்மையை மேசையின் மறுகோடியில் வைத்து எழுந்து நின்று பார்த்தார். விளையாடுகிறவருக்கு அந்தத் தூரத்திலேயே ஆள் யாரென்று தெரிய வேண்டும். தெரிந்தது. பிசினை ஊற்றி வார்த்த அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பிதுங்கி நிற்கும் கோட்டைக் கத்தி முனையால் தேடினார். கிளியின் கழுத்தில் மட்டும் இருந்தது. அகப்பையை வளைத்தார், ஒடியவில்லை. வண்ணம் தீட்டியபோது, பீப்பாயில் செதுக்கியிருந்த மரவரிகளில் தூரிகை தானாக வழி கண்டு ஓடியது. "பரவால்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது குதிரைக்கொம்பு. எட்டரை என்று பென்சிலால் குறித்தார்.

கடைசிச் சோதனை கட்டைவிரல். விளையாடுகிறவர்கள் வியர்த்த கையால் தூக்கித் தூக்கி வைப்பார்கள் அல்லவா, அதற்காக வண்ணம் நன்றாகக் காய்ந்தபின் பத்து முறை தேய்ப்பார். தலைவியைத் தேய்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் மூக்கு வந்துவிட்டது. ஏழாவதில் கன்னம். மற்ற ஐந்து பேரையும் தேய்த்தார். தவளை, வெயிலில் வெந்த தோல்போல உரிந்தது.

"என்னாச்சுங்க?" தேநீரோடு வந்த மனைவி கேட்டாள்.

"வண்ணம் நிக்கவே மாட்டேங்குது. இவ்ளோ அழகா செதுக்கிட்டு மட்டமான பிசினை வாங்கி ஊத்தியிருக்கா உன் தங்கச்சி."

"வேற காரணம் ஏதாவது இருக்கும்ங்க."

"என்ன காரணம்? கழுவாம அடிச்சா உரியும்.* மத்தவங்க பொம்மைன்னா நானே கழுவிடுவேன். இவ எப்பவும் சோப்புத் தண்ணில கழுவிக் காயவெச்சுத்தானே அனுப்புவா? எத்தனை பெட்டி பார்த்திருக்கேன்!" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆனா மூணுதான். ஆறு மணிக்குப் போட்டுடுவேன்."

(இங்கே மனைவி தேநீரைத் தட்டில் சிந்தினாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். காரணமில்லாமல் ஒருத்தி ஏன் தேநீரைச் சிந்த வேண்டும்?)

* பிசின் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அச்சில் எண்ணெய் தடவுவார்கள். அது பொம்மைமேல் தங்கிவிடும். கழுவாவிட்டால் வண்ணம் எண்ணெயின்மேல்தான் உட்காரும்.

4

அந்த மனைவியை என்னால் வெட்ட முடியவில்லை. மூன்று முறை அடித்துப் பார்த்தேன், மூன்று முறையும் கதை நொண்டியது. காரணம், மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

"அக்கா, மாமா இப்ப என்கிட்ட பேச மாட்டார்ல? நீ ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. இந்தத் தடவை அவசரத்துல கழுவாம அனுப்பிட்டேன். வண்ணம் அடிக்கிறதுக்கு முன்னாடி கழுவச் சொல்லு."

"சரிடீ, சொல்லிடறேன்."

"மறந்துடாதேக்கா. கதை எழுத உக்காந்தா உனக்கு வீடு தீப்பிடிச்சாலும் தெரியாது. இதை ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கோ."

"எழுதிட்டேன்டீ."

எழுதவில்லை. வேறொரு கதையின் நடுவில் இருந்தேன். பேனாவைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

ஆமாம், அந்த மனைவி நான்தான். அவர் "கழுவாம" என்று சொன்ன நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. அதுவரை சத்தியமாக மறந்திருந்தேன். அதற்குப் பிறகு மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது.

5

முடிவு ஒன்று: அவருக்கே சந்தேகம் வந்து, ஒரு பொம்மையைக் கழுவி மறுபடி வண்ணமடிக்கிறார். எல்லாம் சுபம். (எனக்கு எந்த வேலையும் இல்லாத முடிவு. அதனால்தான் இவ்வளவு அழகாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: மூன்று மதிப்பெண் வெளியாகிறது. "மாமாகிட்ட சொன்னியாக்கா?" என்கிறாள் சின்னவள். "சொன்னேன்டீ, அவர்தான் காதுல வாங்கல" என்கிறேன். (இதை எழுதும்போது பேனா ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.)

முடிவு மூன்று: நான் போய்ச் சொல்கிறேன். அவர்

இங்கேதான் முட்டுகிறது. "செஞ்சவகிட்டேர்ந்து சேதி வந்தாச்சா? அப்ப சோதனையே செல்லாது" என்று மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடலாம். அப்படிச் செய்தால் நாளைக் காலை சின்னவள் கையில் மூன்றுகூட இருக்காது. "இத்தனை நாள் வாயில என்ன வெச்சிருந்தே?" என்றும் கேட்கலாம். சின்னவள் விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டது இந்த ஒன்றுதான். வெட்கமாக இருக்கிறது.

6

மணி ஐந்து ஐம்பத்தொன்று. அடுத்த அறையில் அவர் இரண்டே விரலால் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்கிறது. என் நாற்காலியிலிருந்து அந்தக் கதவு பதினோரு அடி. அந்தப் பதினோரு அடியை நடக்காமலிருக்கத்தான் மதியத்திலிருந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தேநீர்த் தட்டோடு தலைவியையும் எடுத்துவந்திருந்தேன். மூக்கில்லாத முகத்தோடு என் தாள்மேல் நிற்கிறாள். கொடுக்கு இன்னும் ஓங்கியபடிதான் இருக்கிறது.

தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. வெளியிடுவதற்கு முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். "செதுக்கிய கையில் குறையில்லை, ஆனால்..." என்று கேட்கிறது.

அவர் என்ன சொல்வார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றோ, எட்டரையோ, ஒன்றுமே இல்லையோ, உங்கள் இஷ்டம். இந்த வாக்கியத்தை மட்டும் நான் முடிக்கப்போவதில்லை. முடித்தால் அடுத்ததை எழுதத் தோன்றும். தலைவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பேனாவைக் கீழே