எட்டு வெள்ளைப் பாவாடைகள்

தண்ணீர் படக் கூடாது என்று சொல்லித்தான் சேக் தாவூது மரைக்காயர் அந்த மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். இஸ்திரிப் பெட்டி மட்டும் போட்டுக் கொடுத்தால் போதுமாம். ஏன் என்று அவர் சொல்லவில்லை, தங்கமும் கேட்கவில்லை. வண்ணாத்திக்குக் காரணம் சொல்கிற வழக்கம் கடல் தாண்டி சிங்கப்பூருக்கு வந்த பிறகும் யாருக்கும் வந்துவிடவில்லை.

மூட்டைக்குள் எட்டு ஆட்டப் பாவாடைகள். கல்கத்தா, ரங்கூன் என்று ஊர் ஊராக ஆடிக்கொண்டு வந்த இத்தாலிக்காரக் கூட்டத்தினுடையவை. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு அடுக்கு மல் துணி, இடுப்பிலிருந்து தட்டு மாதிரி விரிந்து நின்றது. உடுத்தினால் முட்டிகூட மறையாது. அதையெல்லாம் தங்கம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பொறுக்காமல் போனது நிறம். பழுப்பேறி, பிசுபிசுத்து, தொட்டால் மாவு மாதிரி ஏதோ உதிர்ந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். துவர்த்தது. படிகாரம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக ஓடும் நாளில் தொட்டியில் படிகாரத்தைச் சுற்றிவிட்டுத் தெளிய வைப்பது தொழில்காரர் எல்லாரும் செய்வதுதான். ரங்கூனில் எவனோ ஒரு சோம்பேறி கண்டபடி போட்டுவிட்டு அலசாமலே உலர்த்தியிருக்கிறான். இந்த அழுக்கை அப்படியே பெட்டி போட்டுக் கொடுத்தால், நாளைக்கு அந்த வெள்ளைக்காரிகள் சிங்கப்பூர் வண்ணாத்தியையும் அந்தக் கணக்கில்தானே சேர்ப்பார்கள்?

அவள் புருசன் மருதப்பன் வேண்டாம் என்றான். பட்டாளத்துத் துணி அவன் பேரில்தான் வருகிறது. துரைமார் காதுக்கு ஒரு புகார் போனால் தொலைந்தது.

"தண்ணி படக் கூடாதுன்னா எதுக்கு வண்ணாத்தி வீட்டுக்கு அனுப்பணும்? தட்டான் கிட்ட குடுக்க வேண்டியதுதான?" என்றாள் அவள்.

வெள்ளாவி வைத்தாள். ஏழு தண்ணீரில் அலசினாள். நீலம் காட்டி, வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, அடுக்கு அடுக்காக முக்கி எடுத்தாள். இரண்டு நாள் வெயில் அவளுக்காகவே காய்ந்தது போலக் காய்ந்தது. பெட்டி போட்டு நிமிர்த்தி வைத்தபோது எட்டும் தும்பைப் பூவாக நின்றன. மருதப்பனே வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றான். அவன் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

மூன்றாம் நாள் மதியம் பீச் ரோட்டுப் பக்கம் இருந்த மரக் கொட்டகைக்குக் கூடையைச் சுமந்து போனாள். நாலரை மணிக்கு ஆட்டம். துணிகளுக்குப் பொறுப்பான கிழவி காய்ச்சலோடு ஓட்டலில் படுத்திருந்தாளாம். அதனால் ஆடும் பெண்கள் மூவரும் தாங்களே கூடையைத் திறந்தார்கள். திறந்ததும் ஒரே கூச்சல். ரோசா என்ற சின்னவள், இருபது வயதுகூட இருக்காது, பாவாடையைத் தன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு தங்கத்தின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து என்னவோ சொன்னாள். தங்கத்துக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து அவள் துவைத்த துணிக்காக யாரும் அவளை அப்படித் தொட்டதில்லை.

துவைக்கக் காலுறைகளைப் பொறுக்கித் தருகிறார்களாம், இரு என்று அங்கே நின்ற மரைக்காயர் சொன்னார். மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். எதிரே ஆணியில் கணுக்கால் வரை தொங்கும் பழைய பாவாடை ஒன்று மாட்டியிருந்தது. அதன் ஒரு பக்கம் இடுப்பு வரை கருகிப் போயிருந்தது. இது என்ன கோலம் என்று மரைக்காயரிடம் கேட்டாள். கூட்டத்துக்குச் சாமான் சப்ளை, மொழிபெயர்ப்பு எல்லாம் அவர்தான். கிழவி பேசப் பேசக் கேட்டதைக் கதையாகச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அந்தக் காலத்தில் கூடை மாதிரி வளையம் வைத்த பாவாடையோடும் குதிகால் செருப்போடும்தான் ஆடினார்களாம். அப்புறம் வளையம் போய், மணி மாதிரித் தொங்கும் இந்த மல் பாவாடை வந்தது. பனிமூட்டத்துக்குள் நடப்பதுபோல இருக்கும் என்று சனம் பைத்தியமாய் அலைந்தது. பிறகு கால் வேலை தெரியவேண்டும் என்று வெட்டி வெட்டி முட்டிக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். யார் பார்ப்பதற்கு ஏற்றினார்கள் என்று அவர் சொல்லவில்லை. தங்கத்துக்குத் தெரியாததும் இல்லை.

"இது அந்தக் கிழவியோட அக்கா போட்டிருந்தது. மேடை ஓரத்துல வரிசையா கேஸ் விளக்கு எரியும்ல, ஒரு சுத்துல அதுல பட்டிருக்கு. நாலு நாள் கிடந்து செத்திருக்கா. அதுலேர்ந்துதான் துணியைப் படிகாரத் தண்ணியில முக்கி உலத்துறது. தீ பிடிக்காது. நிறம் மங்கிப் போகுதுன்னு இந்தப் புள்ளைங்க அழும். கிழவி விடமாட்டா. அதான் தண்ணியே படக் கூடாதுன்னு உன்கிட்ட அவ்வளவு சொன்னேன்."

தங்கம் கூடையைப் பார்த்தாள். மரைக்காயர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

அப்படியெல்லாம் இருக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். துணி துணிதானே. மூலையில் திறந்து கிடந்த பெட்டிக்குள் கிழிசல் தைக்க வைத்திருந்த ஒன்பதாவது பாவாடை இருந்தது, துவைக்காதது. அதிலிருந்து தொங்கிய ஒரு நூலிழைத் துண்டைப் பிய்த்தாள். தான் துவைத்ததில் ஒன்றின் உள்ளடுக்கில் விரலளவு கிழித்தாள். சுவரோரம் எரிந்த சின்ன விளக்கில் முதலாவதைக் காட்டினாள். கருகிச் சுருண்டது, அவ்வளவுதான். இரண்டாவதைக் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் கொண்டு போனதும் குப்பென்று பிடித்து, அவள் உதறுவதற்குள் நகக்கண்ணைச் சுட்டுவிட்டு இல்லாமல் போனது.

விரலளவு துணி. அந்தப் பெண் உடம்பில் பன்னிரண்டு அடுக்கு.

மேடைக்கு முன்னால் சன்னல்களை இழுத்துச் சாத்திக் கொட்டகையை இருட்டாக்கினார்கள். விளிம்பு விளக்குகளை ஒருவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டே போனான். ஒவ்வொன்றும் பற்றும்போது எழுந்த சின்னச் சத்தம் தங்கத்துக்கு முதுகுத்தண்டில் கேட்டது. வாத்தியக்காரர்கள் சுருதி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மரைக்காயரை இழுத்து வைத்து, எட்டையும் துவைத்துவிட்டதைச் சொன்னாள். கூட்டத்து முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொல்லுவார் என்று நினைத்தாள். அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"யாருக்கு என் பேச்சு புரியும்? நீங்க சொல்லுங்க மரைக்காயரே. உங்க கால்ல விழறேன்."

"வாய மூடிக்கிட்டு இரு. தினமா விளக்குல போய் விழறாளுங்க? இன்னைக்கு ஒரு ஆட்டம். நான் போய்ச் சொன்னா, கடைசி நேரத்துல ஆட்டம் நின்னுச்சுன்னு நட்டம் என் தலையில. உன் புருசனைப் பட்டாளத்து வாசல்ல நிக்க விடுவாங்களா? போலீசு வரும். யோசிச்சியா?"

யோசித்தாள். அதுதான் அவமானம், பல வருடம் கழித்துக்கூட அவள் அதை மறைத்ததில்லை. நாலைந்து மூச்சு நேரம் அவள் மருதப்பனைப் பற்றித்தான் யோசித்தாள். போன வருடம் பெட்டி போடும்போது ஒரு துரையின் சட்டையைப் பொசுக்கிய வண்ணானை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது அவனால் வலது கையை மடக்க முடியவில்லை. கண்டும் காணாமல் காலுறையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. எரிந்து போன துணியில் படிகாரம் இருந்ததா இல்லையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

திரை ஓரத்தில் மூன்று பெண்களும் வந்து நின்றார்கள். ரோசா திரும்பி இவளைப் பார்த்துப் பாவாடையின் விளிம்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள்.

தீயணைக்கத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த வாளிகள் சுவரில் வரிசையாகத் தொங்கின. தங்கம் முதல் வாளியை எடுத்துக் கூடைக்குள் கவிழ்த்தாள். மிச்சம் இருந்த ஐந்து பாவாடைகளும் அவள் கண்ணெதிரே சப்பென்று உட்கார்ந்தன. மாற்றிக் கட்ட இனி எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவது வாளியை ரோசாவின் இடுப்பில் வீசினாள். அந்தப் பெண் மூச்சு அடைத்துப்போய் நின்றாள். மூன்றாவது, நான்காவது. மற்ற இருவரும் ஓடுவதற்குள் அவர்களும் நனைந்துவிட்டார்கள். கஞ்சி கரைந்து கால்வழியே வெள்ளையாக ஒழுகியது. இரண்டு நாள் அவள் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை.

ரோசா ஓங்கி அறைந்தாள். காது கொய்யென்றது. முதலாளி ஓடி வந்தான், கத்தினான். இவளுக்கு என்ன ஆயிற்று என்று மரைக்காயரைக் கேட்டான் போலிருந்தது. மரைக்காயர் தன் தலைப் பக்கம் விரலைச் சுழற்றிக் காட்டினார். பைத்தியமாம். இரண்டு பேர் அவளைத் தோளைப் பிடித்து இழுத்துப் போய்ப் பின்வாசலில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஓடியிருக்கலாம். போலீசு வருவதற்குள் சிராங்கூன் சாலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவள் மரச்சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வாத்தியம் எழுந்தது. ஈரத்தோடே ஆடுகிறார்களா, யார்மேலாவது சரியாக நனையாமல் ஓர் அடுக்கு மிச்சம் இருக்கிறதா? பின்பக்கம் ஊற்றவில்லையே. முன்னால்தானே ஊற்றினேன். வாத்தியம் வேகம் எடுக்க எடுக்க அவள் நகத்தால் சுவரைப் பிறாண்டினாள்.

திடீரென்று வாத்தியம் நின்றது. உள்ளே சடசடவென்று ஒரு சத்தம் எழுந்து பெரிதானது. ஓலைக் குடிசை எரியும்போது வருமே, அதே சத்தம். தங்கம் அலறியபடி கதவில் மோதினாள். மறுபடியும் மோதினாள். அது கைதட்டல் என்று புரிவதற்குள் முழங்கை தோல் கிழிந்துவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு மரைக்காயர்தான் வந்தார். தொப்பியைக் கையில் கசக்கி வைத்திருந்தார். போலீசுக்கு ஆள் போயிருக்கிறது, ஓடிப் போய்விடு என்றார்.

"அந்தப் பொண்ணு?"

"ஆடி முடிச்சுட்டா." அவர் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஒரு சுத்துல பாவாடை விளக்கு மேல போச்சு. பாத்தேன். புஸ்ஸுன்னு ஆவி கிளம்புச்சு. சனம் அதையும் வித்தைன்னு நினைச்சுக் கை தட்டுது."

தங்கம் கேட்டாள், நாளைக்கு ஆட்டம் உண்டா என்று.

நாலரைக்கு, என்றார்.

"நாளைக்குக் காஞ்சிடும் மரைக்காயரே."

தெரு முனையில் இரண்டு போலீஸ்காரர்கள் திரும்புவது தெரிந்தது. தங்கம் அவர்களைப் பார்த்தாள்.

"கிழவி எந்த ஓட்டல்ல இருக்கா? அவ சொன்னாத்தான் மறுபடி படிகாரத்துல முக்குவாங்க. நீங்க வந்து என் பேச்சைச் சொன்னாப் போதும். தப்பு என்னோடதுன்னே சொல்லுங்க. வரலைன்னா நான் தனியாப் போய் அவ காலைப் புடிச்சுக்கிட்டு கத்துறேன்."

மரைக்காயர் தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். போலீஸ்காரர்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். ஓட்டலுக்குப் போகிறாரா, தப்பி ஓடுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. முதுகுப்புறம் விசில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் அவர் பின்னால் போனாள்.