கடல் இல்லாத நாடு

பென்ஜமின் வந்து சேர்ந்த அன்று டெல்சி அழவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவதுதான் வேலை. மடித்தாள், அடுக்கினாள், கை தன்பாட்டில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் சனம், "என்ன டெல்சி, உன்ரை மனுசன் எந்தமட்டிலை வந்து நிக்கிறார்?" என்று கேட்டது. "வருவார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவளுடைய கணவன் றொனால்ட் வரமாட்டான். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் அது தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். டெல்சி, றொனால்டின் தம்பி பென்ஜமின், அப்புறம் கதிர்காமநாதன் அண்ணை.

டெல்சி ஜேர்மனிக்கு வந்த பிறகு, மன்னாரிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் புறப்பட்டார்கள். ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் இறக்கி, அங்கிருந்து மொல்டோவா என்ற நாட்டுக்குக் கொண்டுபோய், தலைநகரத்தின் ஓரத்தில் ஒரு மாடிவீட்டில் விட்டான். கோடை முழுக்க அங்கேயே கிடந்தார்கள். பிறகு லொறி, பிறகு நடை, உக்ரைன், போலந்து, கடைசியில் போலந்துக்கும் ஜேர்மனிக்கும் நடுவே ஓடுகிற ஓர் ஆறு. ஐப்பசிக் குளிரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருட்டில் இறங்கினார்கள். கடைசி ஆள் றொனால்ட், அவனுக்கு முன்னால் பென்ஜமின். இந்தக் கரையில் ஏறியபோது பென்ஜமினின் கை வெறுங்கையாக இருந்தது. மன்னார்க் கடலில் சோளகக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தும் நீந்திக் கரையேறி, வந்த ஈரத்தோடு தேத்தண்ணி கேட்ட மனிதன், எட்டிப் பார்த்தால் மறுகரை தெரிகிற ஆற்றில் போய்விட்டான். கத்திக் கூப்பிடவும் விடாமல் வழிகாட்டி வந்தவன் பென்ஜமினின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனான்.

பிறகு ஒருநாள் சலவைக்கூடத்தில் யாரோ வாசித்துப் போட்ட பேப்பரில் ஒரு சின்னச் செய்தி கிடந்தது. எல்லைக் கிராமம் ஒன்றின் அருகே ஆற்றில் ஓர் ஆணின் உடல் மீட்கப்பட்டது, தெற்காசியராக இருக்கலாம், தெரிந்தவர்கள் பொலிஸுக்கு அறிவிக்கவும். டெல்சி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு இயந்திரம் நின்றுவிட்டதென்று யாரோ சத்தம் போட, எழுந்து போனாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த உடம்பை எடுத்து, றொனால்ட் என்று பெயர் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுத்து, ஒரு சிலுவை நட்டு அடக்க வேண்டும். அதற்குப் பொலிஸில் போய், "அது என் புருசன். தம்பியோடு ஆற்றைக் கடந்து வந்தவர்" என்று சொல்ல வேண்டும். சொன்ன அன்றைக்கே பென்ஜமின் போலந்து வழியாக வந்தவன் ஆகிவிடுவான். போலந்து வழியாக வந்தவனுக்கு ஜேர்மனியில் அகதி வழக்கே கிடையாது, வந்த வழியே திருப்பிவிடுவார்கள். சட்டம் மாறி மூன்று நாலு வருசமாக எல்லாத் தமிழருக்கும் மனப்பாடமான விசயம் இது.

இந்த இடத்தில் கதிர்காமநாதன் அண்ணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பகலில் அவர் ஓர் இத்தாலியன் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். சனிக்கிழமைகளில் தமிழ்க் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சட்டத்தரணி ஆகிவிடுவார். அகதி விசாரணைக்குப் போகிறவர்களுக்கு என்ன சொல்லவேண்டும், எந்த இடத்தில் பெருமூச்சு விடவேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுப்பார். தன் கையால் போன வழக்கு தோற்றதில்லை என்பார். தோற்றவர்கள் நாட்டில் இல்லை, வந்து மறுக்க.

"கப்பல் எண்டு சொல்லு" என்றார் பென்ஜமினிடம். "விமானம் எண்டால் ரிக்கற் கேப்பான். தரை எண்டால் போலந்து, செக் எண்டு பிடிப்பான். கப்பலுக்கு நடுவிலை நாடு இல்லை. நேரை ஹம்பேர்க் துறைமுகம்."

"நான் மொல்டோவாவிலை நிண்டதை முதல்நாளே பதியேக்கை வாய்தவறிச் சொல்லிப்போட்டனண்ணை. எழுதியும் போட்டாங்கள்."

"வாயை ஏன்ரா திறந்தனி!" கதிர்காமநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, போகட்டும். மொல்டோவாவிலை கப்பல் ஏறினனான் எண்டு சொல்லு. என்ன குறைஞ்சுபோச்சு?"

தீவிலே பிறந்தவர்களுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. மன்னாரில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கால் நனையும். கதிர்காமநாதனின் பருத்தித்துறையிலும் அப்படித்தான். நாடு என்று இருந்தால் அதற்கு ஒரு துறைமுகம் இருக்கும். பென்ஜமின்கூட, "அங்கை கடல் எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லை, எங்களைக் கரைப்பக்கம் போகவிடேல்லை" என்றுதான் சொன்னான்.

டெல்சி உடம்பைப் பற்றிக் கேட்டாள். கதிர்காமநாதன் கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தணித்து, "பிள்ளை, செத்தவனுக்கு விசா வேண்டாம். இருக்கிறவனுக்கு வேணும்" என்றார். அவள் தலையாட்டினாள். அப்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

விசாரணைக்கு முந்தின வாரம் அவள் நகர நூலகத்துக்குப் போனாள். நாட்டைப் பற்றிக் கேள்வி வந்தால் பென்ஜமின் முழிக்கக்கூடாது என்று கதிர்காமநாதன்தான் அனுப்பினார். நூலகத்துப் பெண் உலக நாடுகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, மொல்டோவாவுக்கான பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். டெல்சியின் ஜேர்மன் வேலைத்தல ஜேர்மன். ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

இலங்கையில் பாதியளவு நாடு. நாற்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சனம். ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே கிடந்தது. சோவியத் உடைந்தபோது சுதந்திரம் பெற்றது, ஜனாதிபதி உண்டு, பாராளுமன்றம் உண்டு. ஆனால் கிழக்கே நீஸ்டர் ஆற்றுக்கு அந்தப்புறம் ஒரு துண்டு நிலம் சண்டை பிடித்துப் பிரிந்து நின்றது, அரசாங்கத்தின் சொல் அங்கே செல்லாது. இது மட்டும் அவளுக்கு விளக்கமில்லாமலே விளங்கியது. மலை என்று சொல்ல ஒன்றுமில்லை, குன்றுகள்தான். மண் கறுப்பு, நல்ல விளைச்சல். திராட்சை, புகையிலை, சூரியகாந்தி. எரிவாயுவும் எண்ணெயும் வெளியிலிருந்துதான் வரவேண்டும், அதற்குக் கடன். பல இடங்களில் சம்பளம் காசாக அல்ல, பொருளாகக் கொடுக்கப்படுகிறது.

அந்த வரியில் நின்றாள். றொனால்ட் தபால்கந்தோரிலிருந்து போன் எடுத்தபோது இதைத்தான் சொன்னான். "டெல்சி, திராட்சை ஆயப் போனனான். சம்பளம் என்ன தெரியுமோ? ஒரு கான் வைன்! அதை வித்துத்தான் உன்னோடை கதைக்கிறன்." அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்போது அவள் அந்த வரியை ஒரு தடவை விரலால் தடவிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

கடற்கரை இல்லை, என்று இருந்தது. நாடு நாலா பக்கமும் நிலத்தால் சூழப்பட்டது.

டெல்சி அதே தாளிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். உண்மைதான். கருங்கடல் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் நடுவிலே உக்ரைன் ஒரு துண்டை விரித்துப்போட்டுக் குந்தியிருந்தது. கப்பல் கதை முதல் கேள்வியிலேயே முங்கிப்போகும்.

அவளுக்கு முதலில் வந்த நினைப்பு பென்ஜமினைக் காப்பாற்றுவது பற்றியல்ல. சொல்லாமல் விட்டால் என்ன? பென்ஜமின் பொய்யில் கெட்டிக்காரன் இல்லை. கடல் எங்கே என்று அதிகாரி ஒரு சத்தம் போட்டால் அவன் உடைந்துபோவான், ஆறு தானாகவே அவன் வாயிலிருந்து வெளியே வரும், அண்ணனும் வருவான். பொலிஸுக்கு எழுதுவார்கள், பெயரில்லாத உடம்புக்குப் பெயர் கிடைக்கும். பழி கதிர்காமநாதனுக்குப் போகும். அவள் ஒரு பாவமும் செய்ததாக ஆகாது, ஒரு பக்கத்தை வாசித்ததைத் தவிர.

நூலகத்துப் படியில் உட்கார்ந்தபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. பக்கத்துக் கடையில் ஒரு பாண் வாங்கி, நின்றநிலையிலேயே முழுவதையும் தின்றாள். தன்னை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தின்றாள்.

அந்தச் சனிக்கிழமை பென்ஜமினுக்கு ஜனாதிபதி, பாராளுமன்றம், திராட்சை, புகையிலை எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கடலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விசாரணை டுசல்டோர்ஃபில். காலை ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பென்ஜமின் கண்ணை மூடிக்கொண்டு தன் பாடத்தை முணுமுணுத்தான். அகதி விடுதிச் சாப்பாட்டில் அவனுடைய முகம் சுருங்கிப்போயிருந்தது. திடீரென்று கண்ணைத் திறந்தான்.

"மச்சாள், ஒண்டு கேக்கட்டோ?"

"என்ன?"

"கப்பலிலை அண்ணையும் வந்தவர் எண்டு சொல்லட்டோ? வழியிலை கடலுக்குள்ளை விழுந்திட்டார் எண்டு... ஒருக்கா எண்டாலும் ஆருக்கும் சொல்லோணும் போல கிடக்கு. நான் கையை விடேல்லை மச்சாள். அவர்தான் விட்டவர். நான் பின்னுக்கு இழுபட்டுப் போறன் எண்டு கண்டிட்டு, அவர்தான் என்ரை கையைத் தட்டிவிட்டவர்."

இதை அவன் இதுவரை சொன்னதில்லை. ரயில் ஓடிக்கொண்டிருந்தது. டெல்சி வெளியே பார்த்தாள். தோட்டங்கள், கொடிகளில் உடுப்பு, ஒரு பழைய சுரங்கக் கோபுரம். றொனால்ட் தம்பியை எந்தப் பக்கம் தள்ளிவிட்டான் என்று அவளுக்கு இப்போது தெரியும். அந்தத் தம்பியை மறுபடி இழுத்து அந்த ஆற்றில் போட அவளால் ஏலாது.

"அண்ணையைப் பற்றி ஒண்டும் சொல்லாதை, கிண்டிக் கிண்டிக் கேப்பாங்கள்" என்றாள். "தனிய வந்தனான் எண்டு சொல்லு."

"சரி."

"இன்னொண்டு. அங்கை கடல் இல்லை."

"எங்கை?"

"மொல்டோவாவிலை. சுத்திவர நிலம். கதிர்காமநாதன் அண்ணைக்கும் தெரியாது. லொறியிலை ஒடெசாவுக்குக் கொண்டுபோனவங்கள் எண்டு சொல்லு. அது உக்ரைன், அங்கை துறைமுகம் இருக்கு. அங்கைதான் கப்பல் ஏறினனி. திருப்பிச் சொல்லு பாப்பம்."

பென்ஜமின் வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். "கடல் இல்லாமல் ஒரு நாடோ?" என்றான். பிறகு திருப்பிச் சொன்னான். இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

விசாரணை அறையில் ஓர் அதிகாரி, கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். பக்கத்தில் சந்திரமௌலி என்ற மொழிபெயர்ப்பாளர், கழுத்துப்பட்டி கட்டிய யாழ்ப்பாணத்தவர். பென்ஜமினின் நடுக்கத்தைப் பார்த்து, வாயைத் திறப்பதில்லை என்ற பேச்சில் டெல்சியைப் பின்னால் ஒரு கதிரையில் இருக்கவிட்டார்கள்.

"மொல்டோவாவிலிருந்து எப்படிப் புறப்பட்டீர்கள்?" என்று அதிகாரி கேட்டாள். "ஜேர்மனிக்குக் கப்பலில் வந்ததாகச் சொன்னீர்கள். அந்த நாட்டில் கடல் இல்லையே."

"ஓம், இல்லை" என்றான் பென்ஜமின். "லொறியிலை ஒடெசாவுக்குக் கொண்டுபோனவங்கள்."

அதிகாரி அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டெழுதினாள். பிறகு கப்பலைப் பற்றிக் கேட்டாள். அங்கே அவனுக்கு ஒரு தடுமாற்றமும் வரவில்லை. கீழ்த்தட்டில் படுத்திருப்பவனுக்கு அலை எப்படித் தெரியும், காற்று மாறினால் பலகை எப்படி முனகும், எண்ணெய் மணத்தில் வயிறு எப்படிப் புரளும் என்று சொல்லிக்கொண்டே போனான். மீன்பிடிக்கிறவனுக்குக் கடலைப் பற்றிப் பொய் சொல்லத் தேவையில்லை. சந்திரமௌலிதான் சொற்கள் கிடைக்காமல் திணறினார்.

"உங்களோடு கூட யார் வந்தது?"

"ஒருத்தரும் இல்லை. தனிய வந்தனான்."

சந்திரமௌலி அதை ஜேர்மனில் சொன்னார். கடைசியில் எழுதியது எல்லாவற்றையும் மறுபடி தமிழில் வாசித்துக் காட்டினார். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அங்கே வழமை. தனியே வந்தார், கூட ஒருவரும் இல்லை. டெல்சி இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே விறைத்துத்தான் கிடந்தது.

வேலை முடிந்தது. அதிகாரி கடைசியாக டெல்சி பக்கம் திரும்பினாள். உறவினர் விபரத்தையும் குறித்துவிடலாம் என்றாள்.

"நீங்கள் இவருடைய அண்ணனின் மனைவி. உங்கள் கணவர் எங்கே?"

பென்ஜமின் குனிந்துகொண்டான். டெல்சி ஜேர்மனிலேயே பதில் சொன்னாள்.

"மொல்டோவாவில். இன்னும் அங்கேதான் இருக்கிறார்."

"பெயர்?"

அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அதிகாரி எழுதியதை எட்டிப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையாக இருக்கிறது என்று திருத்துவித்தாள். பிறந்த திகதி கேட்டார்கள், சொன்னாள். ஊர் கேட்டார்கள், சொன்னாள். சந்திரமௌலி ஒரு தடவை உரக்க வாசித்தார், தகப்பன் பெயரோடு, பிறந்த ஊரோடு, கோயிலில் இறந்தவர் பூசைக்குப் பெயர் வாசிப்பது போல.

"தொழில்?"

"மீன்பிடித்தொழில்."

அதிகாரியின் கை நின்றது. கண்ணாடிக்கு மேலால் பார்த்து, அன்று முதல்தடவையாகச் சிரித்தாள். "மீனவரா? அந்த நாட்டிலா? அங்கே கடலே இல்லையே!"

"ஓம்" என்றாள் டெல்சி. தமிழில்தான் வந்தது. "அதுதான் அவருக்குக் கஷ்டம்."

சந்திரமௌலி மொழிபெயர்த்துவிட்டுத் தானும் சிரித்தார். டெல்சியும் சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டு போனது, அத்தனை நாளும் வராத அழுகை அந்தக் கதிரையில் வைத்து வந்தது. அடக்க முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அதிகாரி எழுந்து வந்து கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அவள் முன்னால் வைத்தாள். நல்ல மனுசி, தோளிலும் கை வைத்தாள்.

"அழாதீர்கள்" என்றாள். "தம்பி வந்துவிட்டார் அல்லவா. அவரும் வந்துவிடுவார்."